பாடசாலை மணியும் ஒரு திறப்பின் கதையும்

இது நீளமான பதிவு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள். மணி விஷயமாக ஊரில் ஆளுக்கொரு கதை பேசுவதால், நடந்ததையும் அதற்குப் பின்னால் இருக்கிற சரித்திரத்தையும் ஒன்றாகவே எழுதுகிறேன்.

சென்ற வருடம் இரண்டாம் தவணையில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் இடைவேளை மணி பன்னிரண்டு நிமிடம் முந்தி அடித்தது. பிள்ளைகள் கென்டீனுக்கு ஓடிவிட்டார்கள். கென்டீன் ராத்தா ரொட்டி சுட்டு முடிக்கவில்லை. அதிபர் வெளியே வந்து தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். காரணம், அந்த மணியை இயக்குவது எங்கள் தகவல் தொழினுட்பக் கழகப் பிள்ளைகள் செய்து பூட்டிய சின்ன போர்ட். இஎஸ்பி32 என்ற மைக்ரோகொன்ட்ரோலர், ஒரு ரிலே, ஒரு கடிகாரச் சிப், அவ்வளவுதான்.

பின்னேரம் பத்தாம் தரப் பிள்ளை ஒருவன் தானாகவே வந்தான். "சேர், நான் ஒண்டும் உடைக்கல்ல. லெப்டொப்ப கொழுவி என்ட ப்ரோகிராம ஏத்தினேன். அது ஓடிட்டு" என்றான். பொய் சொல்லாததற்காக விட்டுவிட்டேன். போகிற போக்கில் அவன் கேட்டதுதான் எனக்குத் தூக்கம் கெட்ட கேள்வி: "அது ஏன் சேர் நான் யாரெண்டு கேக்கல்ல?"

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு இதை யாரும் படிப்பிக்கவில்லை. தேடி வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கரண்ட் வந்ததும் ஒரு மைக்ரோகொன்ட்ரோலர் செய்வது ஒரே வேலை. தன் நினைவகத்தில் குறிப்பிட்ட இடத்துக்குப் போய், அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்யத் தொடங்கும். எழுதியது யார் என்று அதற்குத் தெரியாது, கேட்கவும் தெரியாது. அதைக் கேட்கப் பழக்குவதற்குப் பெயர்தான் செக்யுர் பூட். (வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தான். தமிழில் நமக்குப் பூட்டும் பூட்டும் ஒன்றாகக் கேட்கிறது, ஒரு வகையில் அதுவும் சரிதான்.)

என் வயதுக்காரர்களுக்கு டீவி கேம் கெசட் ஞாபகம் இருக்கும். ஒரு கெசட்டில் பல்லாயிரம் கேம் என்று போட்டிருக்கும், போட்டுப் பார்த்தால் அதே ஏழெட்டு கேம்தான் திரும்பத் திரும்ப வரும். நாங்கள் விளையாடியவை ஜப்பானின் நின்டெண்டோ கம்பனியுடைய ஃபெமிகொம் பெட்டியின் நகல்கள். அசல் ஃபெமிகொமில் பூட்டு எதுவும் இருக்கவில்லை. எந்தக் கெசட்டும் ஓடும்.

அமெரிக்காவில் அப்படி இல்லை. 1983 இல் அங்கே தரமில்லாத கேம்கள் குவிந்து சந்தையே விழுந்துபோனது. 1985 இல் அதே பெட்டியை அங்கே கொண்டுபோன நின்டெண்டோ ஒரு புதிய வேலை செய்தது. பெட்டிக்குள் ஒரு சிப், ஒவ்வொரு கெசட்டுக்குள்ளும் அதன் ஜோடிச் சிப். இரண்டும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் செய்துகொண்டு விடைகளை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். விடை பிசகினால் பெட்டிச் சிப் இயந்திரத்தை ரீசெட் பண்ணிவிடும். செக்கனுக்கு ஒரு தடவை போல டீவி விட்டுவிட்டு மின்னும். 10என்இஎஸ் என்பது அதன் பெயர். தரத்தைக் காக்க என்று சொன்னார்கள், ஆனால் அதன் பலத்தில்தான் மற்றக் கம்பனிகள் வருடத்துக்கு எத்தனை கேம் விடலாம் என்பதையும் நின்டெண்டோ தீர்மானித்தது. பூட்டைப் பற்றிப் பேசும்போது திறப்பு யார் கையில் என்று கேட்க வேண்டிய தேவை அப்போதே தொடங்கிவிட்டது.

அதை உடைத்த கதையும் சுவையானது. சில கம்பனிகள் மின்னழுத்தத்தைத் திடீரென்று ஏற்றி அந்தச் சிப்பை மயக்கமடைய வைத்தன. அட்டாரி கேம்ஸ் கம்பனி வேறு வழி போனது. 10என்இஎஸ் நிரலின் ஒரு பிரதி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் இருந்தது. வழக்குக்குத் தேவை என்று பொய் சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். 1992 இல் நீதிமன்றம் அட்டாரிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பூட்டை உருக்கத் தெரிந்தவர்கள் இருந்த காலத்தில் பூட்டு உடைந்தது ஒரு கந்தோர் அலுமாரி வழியாக.

அந்தப் பூட்டின் பலவீனம் என்னவென்றால், பெட்டிக்குள் இருப்பதும் கெசட்டுக்குள் இருப்பதும் ஒரே இரகசியம். எங்காவது ஓரிடத்தில் அது வெளியே வந்தால் எல்லாப் பெட்டியும் திறந்துகொள்ளும்.

இதற்குப் பரிகாரம் அதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1976 இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு ஜோடித் திறப்பு வைத்துக்கொள்ளலாம், ஒன்றை இரகசியமாக வைத்து மற்றதை ஊருக்கே கொடுத்துவிடலாம் என்பது அதன் கருத்து. 1977 இல் ரிவெஸ்ட், ஷமீர், எடில்மன் மூவரும் அதைச் செய்து காட்டினார்கள். மூன்று பெயரின் முதலெழுத்துகள்தான் ஆர்எஸ்ஏ. (பிரித்தானிய உளவு நிறுவனத்தில் கிளிஃபர்ட் கொக்ஸ் என்பவர் 1973 இலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். இரகசியம் என்று பூட்டிவைத்ததால் 1997 வரை உலகத்துக்குத் தெரியாது.)

நமக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது ஆவணப் பிரதிகளை ஜேபியிடம் கொண்டுபோய் முத்திரை வாங்குகிறோம். முத்திரை அவருடைய மேசை லாச்சியில். அது சரியான முத்திரையா என்று பார்க்க எங்களுக்கு அந்த முத்திரையே தேவையில்லை, அதன் தோற்றம் தெரிந்தால் போதும். பொதுத் திறப்பும் அப்படித்தான். அதை வைத்துக் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம், புதிதாகக் கையொப்பம் போட முடியாது. ஆகவே இலட்சம் கருவிகளுக்குள் பொதுத் திறப்பைப் போட்டு விற்கலாம். ஒருவன் ஒன்றை உடைத்து அதை வாசித்தாலும் அவனுக்கு ஒன்றும் கிடையாது.

இந்தக் கணக்கை கணினி எழும்பும் வேலையோடு ஒழுங்காகச் சேர்த்தவர்களில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆர்போ, ஃபார்பர், ஸ்மித் மூவரும் முக்கியமானவர்கள். 1997 இல் ஏஜிஸ் என்று ஒரு அமைப்பை அறிமுகப்படுத்தினார்கள். முதல் படி இரண்டாவதைச் சரிபார்த்துவிட்டுத்தான் அதனிடம் வேலையைக் கொடுக்கும். இரண்டாவது மூன்றாவதைச் சரிபார்க்கும். அப்படியே சங்கிலி. முதல் வளையத்தை மட்டும் யாரும் சரிபார்ப்பதில்லை, அதனால் அது மாற்றவே முடியாததாக இருக்க வேண்டும். இந்த ஒரு வசனத்தை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் கதை எல்லாம் விளங்கும்.

2001 நவம்பரில் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்பொக்ஸை வெளியிட்டது. முதல் வளையம் வெறும் 512 பைட். என் இந்தப் பந்தியில் பாதிகூட அதற்குள் அடங்காது. அதை ஒரு துணைச் சிப்புக்குள் ஒளித்துவைத்து, அதற்குள் ஆர்சி4 திறப்பையும் வைத்தார்கள். வெளியே தெரிகிற நினைவகத்தில் ஆளை ஏமாற்ற ஒரு பொய்யான பிரதி. எம்ஐடி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங், பனி என்ற பட்டப்பெயரால் பலருக்குத் தெரிந்தவர், போர்டிலிருந்த கம்பிகளைப் பார்த்தார். ஒளித்துவைத்த சிப்பிலிருந்து பிரதான சிப்புக்கு அந்த 512 பைட்டும் கம்பி வழியாகத்தானே போக வேண்டும்? அவ்வளவு வேகமான கம்பியை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று கம்பனி நம்பியிருந்தது. அவர் அதற்கென்றே ஒரு சின்ன போர்ட் செய்து கம்பியில் ஒட்டி 2002 இல் திறப்பை வாசித்துவிட்டார். கம்பனி அடுத்த பதிப்பில் வேறு கணக்கைப் போட்டது. அந்தக் கணக்கு அந்த வேலைக்கு உதவாது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். அதுவும் உடைந்தது.

அடுத்தது சொனியின் பிளேஸ்டேஷன் 3. கணித ஆசிரியர்கள் இதை வகுப்பில் பாவிக்கலாம். 2006 இல் வந்த பெட்டி, நாலு வருடம் தாக்குப்பிடித்தது. இங்கே ஒளித்துவைத்த ஒரே திறப்பு என்ற பிழை இல்லை. பொதுத் திறப்பு பெட்டிக்குள், தனித் திறப்பு கம்பனியில். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. ஆனால் அவர்கள் பாவித்த கையொப்ப முறையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒரு புதிய எழுமாற்று எண் எடுக்க வேண்டும். சொனி ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. அப்படியானால் இரண்டு கையொப்பம் இரண்டு சமன்பாடு, தெரியாத கணியமும் இரண்டுதான். நாங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஒருங்கமை சமன்பாடுதான் அது. 2010 டிசம்பரில் பேர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு மேடையில் ஏறி இதைக் காட்டியது. கம்பனியின் தனித் திறப்பு, யாரும் களவெடுக்காமல், கணக்கிலிருந்தே வெளியே வந்தது. சரிபார்க்கும் பொதுத் திறப்பு வன்பொருளிலேயே பதிந்திருந்ததால் விற்றுப்போன பெட்டிகளில் மாற்றவும் வழியில்லை.

கேம் பெட்டி உடைந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். அடுத்தது மின்குமிழ்.

ஃபிலிப்ஸ் ஹியூ என்று போனால் நிறம் மாற்றுகிற மின்குமிழ். உள்ளே இருந்தது எங்கள் மணி போர்டை விடச் சின்ன மைக்ரோகொன்ட்ரோலர். புதிய நிரல் வந்தால் சரிபார்த்துத்தான் ஏற்றும். ஆனால் செலவைப் பார்த்தோ என்னவோ, ஜோடித் திறப்புக்குப் பதிலாகப் பழைய முறை: ஒரே வகைக் குமிழ்கள் எல்லாவற்றுக்குள்ளும் ஒரே இரகசியத் திறப்பு. 2016 இல் நாலு ஆய்வாளர்கள், அவர்களில் ஒருவர் ஆர்எஸ்ஏ இல் நடு எழுத்தான அதே ஆதி ஷமீர், குமிழ் கணக்குச் செய்யும்போது அது எடுக்கிற மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தார்கள். சில நூறு டொலர் பெறுமதியான கருவிகள் போதுமாக இருந்தன. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து திறப்பைக் கண்டுபிடித்தார்கள். (போல் கொச்சர் 1990களின் பிற்பகுதியில் காட்டிய வழி அது.) பிறகு குமிழ் ஒன்றிலிருந்து பக்கத்துக் குமிழுக்குத் தானே தாவிப் பரவுகிற ஒரு நிரல் சாத்தியம் என்று காட்டினார்கள். கம்பனிக்கு முன்கூட்டியே அறிவித்ததால் பரவும் வழி அடைபட்டது. அதே வருடம் ஒக்டோபரில்தான் மிராய் என்ற தீநிரல், கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துவைத்து அமெரிக்காவின் இணையத்தில் ஒரு பகுதியையே நிறுத்திக் காட்டியது.

சரி, திறப்பை எங்கே வைப்பது? இதற்குத்தான் பாதுகாப்புச் சிப் என்ற தனிச் சாமான். இது புதிதல்ல. 1974 இல் பிரான்ஸின் ரொலாண்ட் மொரேனோ சிப் பதித்த அட்டைக்குக் காப்புரிமை எடுத்தார். உங்கள் பேங்க் கார்ட், போனில் இருக்கிற சிம் எல்லாம் அந்த வம்சம். இரகசியம் உள்ளே போகும், வெளியே வராது. கேள்வி கேட்டால் உள்ளேயே கணக்குச் செய்து விடையை மட்டும் தரும். கணினிக்குரிய அவதாரம் டீபீஎம். எங்கள் லேபில் உள்ள பழைய கணினிகளுக்கு வின்டோஸ் 11 வராது என்று சொல்வதற்கு ஒரு காரணம் அதுதான்.

சின்ன போர்டுகளுக்கு ஏடீஈசீசீ508ஏ, பிறகு 608ஏ என்று நகத்தளவு சிப்கள் வந்தன. முதலாவதை அட்மெல் கம்பனி செய்தது, 2016 இல் மைக்ரோசிப் அந்தக் கம்பனியை வாங்கியது. எங்கள் பழைய மாணவி ஒருவர், இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறார், லீவுக்கு வந்தபோது அதில் இரண்டைக் கொண்டுவந்து கழகத்துக்குத் தந்தார். நாங்கள் ஒரு ஆர்டுயினோவோடு அதைப் பொருத்தினோம். ஆர்டுயினோவின் தொடக்க நிரல் புதிய நிரலின் ஹேஷை, அதாவது விரலடையாளத்தை, சிப்பிடம் கொடுக்கும். சிப் கையொப்பத்தைப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம்.

அவர் சிரித்துக்கொண்டு லெப்டொப்பைக் கொழுவினார். சிப்பிடம் கேள்வியே கேட்காத ஒரு தொடக்க நிரலை ஏற்றினார். மணி அடித்தது. "வாசல்ல காவல்காரன நிப்பாட்டிட்டு வாசலயே கழட்டக்கூடிய மாதிரி வெச்சிருக்கீங்க சேர்" என்றார். முதல் வளையம் மாற்ற முடியாததாக இருக்க வேண்டும் என்பதை நான் வாசித்திருந்தேன், வகுப்பில் சொல்லியும் இருந்தேன். செய்யும்போது மறந்துவிட்டேன்.

லொக் பிட் போட்டு அந்தப் பகுதியைப் பூட்டினோம். அடுத்தது அவர் இரண்டு கம்பியை வெட்டினார். சிப் இருந்த இடத்தில் இன்னொரு ஆர்டுயினோவை வைத்தார். அது செய்வது ஒரே வேலை, என்ன கேட்டாலும் ஆம் என்று சொல்லும். மணி மறுபடி அடித்தது. பனி ஹுவாங் கண்ட அதே கம்பிதான். வழி என்னவென்றால், மைக்ரோகொன்ட்ரோலருக்கும் சிப்புக்கும் மட்டும் தெரிந்த ஒரு இரகசியத்தை முதலிலேயே வைத்துவிட வேண்டும். சிப் வெறுமனே ஆம் என்று சொன்னால் போதாது, அந்தக் கேள்விக்கென்றே அந்த இரகசியத்தால் முத்திரையிட்டுச் சொல்ல வேண்டும். கேள்வி ஒவ்வொரு தடவையும் மாற வேண்டும், இல்லாவிட்டால் நேற்றைய விடையைப் பதிந்துவைத்து இன்றைக்குப் போடலாம். பழைய, ஓட்டை உள்ள, ஆனால் முறையாகக் கையொப்பமிட்ட நிரலை மறுபடி ஏற்றுவதைத் தடுக்க, முன்னுக்கு மட்டும் எண்ணுகிற ஒரு எண்ணியும் சிப்பில் உண்டு.

இவ்வளவும் செய்த பிறகும் அந்த ஆர்டுயினோ வகையில் ஒருவர் வெளியிலிருந்து முழுவதையும் அழித்துவிட்டுத் தன் நிரலை எழுதலாம். அழிக்கும்போது அந்த இரகசியமும் சேர்ந்து அழியும், ஆகவே அது எங்கள் போர்ட் என்று அதனால் நிரூபிக்க முடியாது. மணிக்கு அது பெரிய ஆறுதல் இல்லை. மின்மானிக்கு அது முக்கியம்.

சிப்பும் குர்ஆன் வசனம் இல்லை, மனிதன் செய்ததுதான். 2017 இல் இன்ஃபினியன் கம்பனிச் சிப்களின் ஆர்எஸ்ஏ நிரலில் பிழை கண்டுபிடிக்கப்பட்டு, எஸ்டோனியா நாட்டின் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட அடையாள அட்டைகள் பாதிக்கப்பட்டன. 2020 இல் லெட்ஜர் கம்பனியின் ஆய்வுக்கூடம் 508ஏ சிப்பைத் திறந்து, லேசர் அடித்து உள்ளிருந்த இரகசியத்தை எடுத்தது. எங்கள் இஎஸ்பி32 உம் தப்பவில்லை. 2019 இல் ஒரு ஆய்வாளர் மின்னழுத்தத்தைக் கணப்பொழுது தடுமாறச் செய்து அதன் செக்யுர் பூட்டைத் தாண்டினார். நின்டெண்டோ காலத்து வித்தை, முப்பது வருடம் கழித்து! பின்வந்த சிப் பதிப்பில் அதைத் திருத்தி, ஆர்எஸ்ஏ முறைக்கு மாறினார்கள்.

இனி எங்கள் வெட்கக்கேடு.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நான் அவசரப்பட்டு மணி போர்டில் செக்யுர் பூட்டைப் போட்டேன். இஎஸ்பி32 இல் பொதுத் திறப்பின் அடையாளம் ஈ-ஃபியூஸ் என்ற இடத்தில் பதியும். எரித்தால் எரித்ததுதான், திரும்பாது. எங்கள் சிப்பில் அதற்கு ஒரே ஒரு இடம். தனித் திறப்பை ஒரு பென் ட்ரைவில் வைத்தேன். அந்தப் பென் ட்ரைவுக்கு வைரஸ் பிடித்து, யாரோ நல்லெண்ணத்தில் ஃபோர்மட் பண்ணிவிட்டார்கள். பிரதி இல்லை. இந்த வருடம் நேரசூசி மாறியது. நேரங்களை நிரலுக்குள்ளேயே எழுதியிருந்தோம். புதிய நிரலுக்குக் கையொப்பம் போட என்னிடம் திறப்பு இல்லை. போர்ட் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. என்னையும் அந்நியன் என்று சரியாக அடையாளம் கண்டு மறுக்கிறது. வெள்ளிக்கிழமையில் ஜும்ஆவுக்கு விடுகிற மணியும் பழைய நேரத்துக்கே அடிக்கிறது. ஊரில் பேசுகிற கதையின் உண்மை இதுதான். பத்தாம் தரப் பிள்ளைக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. தயவுசெய்து அவனுடைய வாப்பாவிடம் போய்க் கேட்பதை நிறுத்துங்கள்.

இதே பிரச்சினையைப் பெரிய அளவில் நினைத்துப் பாருங்கள். டிவோ என்ற டீவிப் பதிவுப் பெட்டி லினக்ஸில் ஓடியது. நிரலை யாரும் எடுத்து மாற்றலாம் என்பது அதன் உரிமம். ஆனால் மாற்றியதைப் பெட்டி ஏற்காது, கம்பனிக் கையொப்பம் வேண்டும். இதை எதிர்த்தே 2007 இல் வந்த மூன்றாவது ஜீபீஎல் உரிமத்தில் தனி விதி எழுதினார்கள். இப்போது நம் ஊரில் எத்தனை கூரையில் சோலார் இருக்கிறது? ஒவ்வொரு இன்வேட்டருக்குள்ளும் இப்படி ஒரு மைக்ரோகொன்ட்ரோலர். 2025 சித்திரைப் புத்தாண்டு லீவில் மின் தொகுதியின் சமநிலைக்காகக் கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்டது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு நாங்கள் கையால் நிறுத்தினோம். யாரும் எதையும் ஏற்றக்கூடிய இன்வேட்டர் கூரையில் இருப்பது எனக்குப் பயம். கம்பனி மூடுப்பட்டால் யாராலும் திருத்த முடியாத இன்வேட்டர் இருப்பதும் பயம்தான். வாங்கும்போது இரண்டையும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கம்பனிக்குக் கடிதம் போடச் சொல்லுங்கள்.

மணி விஷயத்துக்கு வருகிறேன். பழைய போர்டைக் கழற்றியாயிற்று. புதிய போர்டுக்கு, மூன்று பொதுத் திறப்பு வரை பதியக்கூடிய எஸ்3 வகையை எடுத்திருக்கிறோம். இரண்டைப் பதிவோம், மூன்றாவது இடத்தை மூடிவிடுவோம். முதல் தனித் திறப்பு கழகத்திடம், இரண்டாவது கடிதஉறையில் ஒட்டி அதிபரின் இரும்பு அலுமாரியில், இரண்டுக்கும் கடதாசியில் அச்சடித்த பிரதி வேறு. நேரசூசியை நிரலுக்கு வெளியே வைக்கிறோம், அதை மாற்றக் கடவுச்சொல் போதும். அந்தப் பகுதியை எழுதுவது அதே பத்தாம் தரப் பிள்ளை, இப்போது பதினோராம் தரம். பரீட்சை முடியட்டும் என்று அவனுடைய உம்மா சொல்லியிருக்கிறா. அதுவரைக்கும் எங்கள் காவலாளி நானா பழைய தண்டவாளத் துண்டில் கையால் அடிக்கிறார், இரண்டு நிமிடம் முன்னே பின்னே இருந்தால் கோபிக்க வேண்டாம்.